எட்டு பத்தாகி ஒன்பதாகி எட்டான புராணம்

புராணம் சொல்ல உட்காருகிறவர்கள் முதலில் காப்புச் செய்யுள் பாடுவார்கள். ஐபிஎல் விரிவாக்கப் புராணத்துக்குக் காப்பு, வங்கி உத்தரவாதம். கதை முழுக்க அதைத் தேடித்தான் எல்லாரும் அலைவார்கள். நடுநடுவே ஒரு மத்திய அமைச்சர் பதவி இழப்பார். லீக்கைப் படைத்தவரையே லீக் துரத்தும். ஒரு யானை ஒரே கோடையில் தோன்றி மறையும். ஜமைக்காவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தவரையெல்லாம் அடிப்பார். இத்தனைக்கும் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எட்டு அணிகளைப் பத்தாக்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

ஏலப் படலம்

2008 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் எட்டு ஊர்களை ஏலம் விட்டது. மும்பை 11.19 கோடி டாலருக்குப் போனது, ஜெய்ப்பூர் 6.7 கோடிக்கு. எட்டும் சேர்ந்து 72 கோடி டாலர் சொச்சம். முதல் கோப்பையை வென்றது, இருந்ததிலேயே மலிவான ராஜஸ்தான். 10.7 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ், இரண்டே வெற்றியோடு கடைசியில் வந்தது. அடுத்த ஆண்டு அதே டெக்கான் கோப்பையை வென்றது. கொடுத்த விலைக்கும் வாங்கும் ரன்னுக்கும் சம்பந்தமில்லை என்று லீக் இரண்டே ஆண்டில் பாடம் நடத்தி முடித்துவிட்டது. வகுப்பில்தான் யாரும் இல்லை.

லீக்கின் கர்த்தாவான லலித் மோடிக்கு எட்டு போதவில்லை. இன்னும் இரண்டு அணி வேண்டும் என்றார். அடிப்படை விலை 22.5 கோடி டாலர். அதாவது, 2008-ல் அதிக விலைக்குப் போன மும்பையைப் போல இரண்டு மடங்கில் ஏலமே தொடங்கும். கேட்க வருகிறவருக்கு 100 கோடி டாலர் சொத்து மதிப்பு இருக்க வேண்டும். 10 கோடி டாலருக்கு வங்கி உத்தரவாதமும் வேண்டும். காப்பு பலமாகத்தான் இருந்தது. 2010 மார்ச் 7 அன்று கதவைத் திறந்து பார்த்தால் இரண்டு அணிக்கு இரண்டே பேர் நின்றார்கள். இரண்டு பொருளுக்கு இரண்டு பேர் வந்தால் அதற்குப் பெயர் ஏலமா? ரத்து செய்தார்கள். நிபந்தனைகள் கடுமை என்று புகார் வந்ததால் அவற்றைத் தளர்த்தி, மார்ச் 21 அன்று சென்னையின் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் மறுபடி கூடினார்கள்.

இந்த முறை வீடியோகானும் அதானியும் வந்து தோற்றுப் போனார்கள். புனேயை 37 கோடி டாலருக்கு சஹாரா எடுத்தது. நம் காசில் சுமார் 1,702 கோடி ரூபாய். கொச்சியை ரான்டெவூ ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட் தலைமையிலான கூட்டணி 33.333 கோடி டாலருக்கு எடுத்தது. தொகையைப் பார்த்தால் கணக்காளரைவிட எண் ஜோதிடரிடம்தான் அதிகம் கலந்து பேசியிருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டு புது அணிகளின் விலை மட்டும் 70 கோடி டாலர். இரண்டு வருஷம் முன்பு எட்டு அணிகளும் சேர்ந்தே 72 கோடிதான். எல்லாரும் கைதட்டினார்கள். ரான்டெவூ என்பது யார் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. செக்கில் இத்தனை மூன்று இருக்கும்போது பெயரை யார் பார்க்கிறார்கள்?

ட்வீட் படலம்

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, பெயரைப் பார்த்தார் லலித் மோடி. பார்த்ததோடு நில்லாமல் பங்குதாரர் பட்டியலை ட்விட்டரில் போட்டார். தான் விற்ற பொருளை வாங்கியவர் யார் என்று விற்றவரே உலகத்துக்கு அம்பலப்படுத்தியது வணிக வரலாற்றில் அபூர்வம்.

பட்டியலில் 25 சதவீதப் பங்கு, பணம் போடாமல் வந்த இலவசப் பங்கு. அதில் ஒரு பகுதி சுனந்தா புஷ்கர் பெயரில் இருந்தது. அவர் அன்றைய வெளியுறவுத் துறை இணையமைச்சர் சசி தரூரின் தோழி. அதே ஆண்டு ஆகஸ்டில் இருவரும் மணந்துகொண்டார்கள். உழைப்புக்கு ஈடாகத் தரும் இந்த வகைப் பங்குக்கு வியர்வைப் பங்கு என்று பெயர். அவருடைய பங்கின் மதிப்பு சுமார் 70 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. கொச்சி அணிக்கு அப்போது பெயர் இல்லை, கேப்டன் இல்லை, சட்டை இல்லை. ஒருவர்கூட ஒரு பந்தும் வீசவில்லை. வியர்வை மட்டும் 70 கோடிக்கு வந்திருந்தது.

பட்டியலைத் துருவ வேண்டாம் என்று தரூர் தன்னிடம் சொன்னதாக மோடி சொன்னார். கேரளத்துக்கு ஓர் அணி கிடைக்க வழிகாட்டியதைத் தவிர எதுவும் செய்யவில்லை என்றார் தரூர். சுனந்தா பங்கைத் திருப்பிக் கொடுத்தார். நாடாளுமன்றம் கொதித்தது, வருமான வரித் துறை வாரியத்தின் வாசலுக்கு வந்தது. ஏப்ரல் 18 அன்று தரூர் பதவி விலகினார். நாட்டின் வெளியுறவு கெட்டு வெளியுறவு அமைச்சர் வீட்டுக்குப் போவது உண்டு. இருபது ஓவர் கிரிக்கெட்டால் போனது அதுவே முதல் முறை.

ட்வீட் போட்டவர் மட்டும் தப்பினாரா? ஏப்ரல் 25 அன்று நவி மும்பையில் இறுதி ஆட்டம். சென்னை, மும்பையை 22 ரன்னில் வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. மோடி மேடையேறிப் பேசினார். இரவு முடிவதற்குள் அவரை இடைநீக்கம் செய்யும் கடிதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. ஏலம் முடிந்து 35 நாள். விற்றவர் போய்விட்டார், வாங்கியவருக்குப் பரிந்தவரும் போய்விட்டார். அணி மட்டும் காகிதத்தில் இருந்தது.

கழித்தல் படலம்

கர்த்தா போன பிறகு வாரியத்துக்கு ஒழுக்கத்தின்மேல் திடீர் பற்று வந்தது. 2010 அக்டோபர் 10 அன்று, பங்குதாரர் அமைப்பில் விதிமீறல் என்று சொல்லி ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய இரண்டு பழைய அணிகளை நீக்கிவிட்டார்கள். கொச்சிக்கு எச்சரிக்கை நோட்டீஸ். எட்டைப் பத்தாக்கப் புறப்பட்ட லீக், ஏழு மாதம் கழித்துக் காகிதத்தில் எட்டாகி, ஏழாகும் வாசலில் நின்றது. நீக்கப்பட்ட இரண்டு அணிகளும் நீதிமன்றம் போய்த் திரும்பி வந்தன. வந்ததால்தான் பத்து பத்தாக நின்றது. விரிவாக்கத்தை உண்மையில் நடத்தி முடித்தது வாரியமா நீதிமன்றமா என்பது இன்றும் பட்டிமன்றத்துக்கு உகந்த தலைப்பு.

இங்கே நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு, ஒளிக்க வேண்டாம். மற்ற அணிகளின் பங்குப் பத்திரங்களை வாரியம் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்த காலத்தில், வாரியத்தின் செயலாளர் என். சீனிவாசன். அவர் நடத்திய இந்தியா சிமெண்ட்ஸின் அணி சென்னை சூப்பர் கிங்ஸ். நிர்வாகிகளுக்கு வாரியத்தின் போட்டிகளில் வணிக நலன் இருக்கக் கூடாது என்று விதி 6.2.4 சொன்னது. ‘ஐபிஎல் நீங்கலாக’ என்ற பொருளில் அதை 2008-லேயே திருத்தி வைத்திருந்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஜனவரி ஆனது. அதற்குள் சென்னை இரண்டு கோப்பை வென்றிருந்தது. நாமும் மஞ்சள் சட்டை போட்டு விசில் அடிப்பதில் மும்முரமாக இருந்ததால் விதி எண்ணையெல்லாம் கவனிக்க முடியவில்லை.

பெயர் சூட்டு படலம்

கொச்சிக் கூட்டணியில் வைர வியாபாரிகள், கட்டுமானக்காரர்கள் என்று பல தொழில்காரர்கள் இருந்தார்கள். பணம் போட்டவர்கள் ஒரு பக்கம், இலவசப் பங்கு வைத்திருந்த கெய்க்வாட் குடும்பத்தார் மறுபக்கம். அந்த 25 சதவீதத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். வாரியம் கெடு வைத்தது, நீட்டித்தது, மறுபடி கெடு வைத்தது. டிசம்பரில் ஒருவழியாக சமாதானமாகி ‘கொச்சி கிரிக்கெட் பிரைவேட் லிமிடெட்’ என்று ஒரு நிறுவனம் ஆனார்கள்.

அணிக்கு முதலில் வைத்த பெயர் ‘இண்டி கமாண்டோஸ்’. கேரளத்தில் யாரும் அந்தப் பெயரில் கேரளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பவே, ‘கொச்சி டஸ்கர்ஸ் கேரளா’ என்று மாற்றினார்கள். ஊர், யானை, மாநிலம் மூன்றும் பெயருக்குள் வந்துவிட்டன. இனி யாரும் குறை சொல்ல முடியாது. கேப்டன் மகேல ஜயவர்தன, பயிற்சியாளர் ஜெஃப் லாசன். சென்னையில் சுழற்றிக்கொண்டிருந்த முரளிதரனை 11 லட்சம் டாலருக்குத் தூக்கினார்கள். மெக்கல்லம், லட்சுமண், ஜடேஜா, ஸ்ரீசாந்த் என்று காகிதத்தில் நல்ல அணிதான். காகித வேலையில்தான் கொச்சி ஏற்கெனவே ஓராண்டு அனுபவம் பெற்றிருந்ததே.

தொண்ணூற்று நான்கு படலம்

புராணத்தின் மையக் கணக்கு இங்கேதான் இருக்கிறது. பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணி ஊரில் ஒருமுறை ஆடினால் லீக் ஆட்டங்கள் 90. கடைசிச் சுற்று நான்கு. ஆக 94. இந்தக் கணக்கை நம்பித்தான் சஹாராவும் ரான்டெவூவும் அந்த விலை சொன்னார்கள். அணிக்கு வருமானம் என்பது ஆட்டத்தைப் பொறுத்தது: நுழைவுச்சீட்டு, மைதான விளம்பரம் எல்லாம் சொந்த மண் ஆட்டங்களின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும்.

ஏலம் முடிந்த பிறகு வாரியம் நாட்காட்டியைப் பார்த்தது. நாட்காட்டியில் கோடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடனே பத்து அணிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். சொந்தக் குழுவின் நான்கு அணிகளோடு இரண்டிரண்டு ஆட்டம். எதிர்க் குழுவில் நான்கு அணிகளோடு ஒவ்வொரு ஆட்டம். மீதமிருக்கும் ஓர் அணியோடு மட்டும் இரண்டு. ஏன் அந்த ஓர் அணி? குலுக்கல். இப்படிச் சுருக்கியதில் அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 74. எட்டு அணி இருந்தபோதும் அணிக்கு 14 ஆட்டம்தான். மூன்று வேளை விருந்து என்று மொய் வாங்கிக்கொண்டு காலைப் பலகாரத்தோடு கை கழுவச் சொன்ன கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. இருபது ஆட்டம் குறைந்தது, விலை மட்டும் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. கட்டணத்தைக் குறையுங்கள் என்று சஹாரா கேட்டது, கொச்சியும் கேட்டது. ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்றது வாரியம். கையெழுத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் படிக்கும் பழக்கம் அன்றுதான் இருதரப்புக்கும் தொடங்கியது.

கெயில் படலம்

2011 ஜனவரியில் பெங்களூரில் ஆட்டக்காரர்கள் ஏலம். புனே, உத்தப்பாவுக்கு 21 லட்சம் டாலரும் யுவராஜுக்கு 18 லட்சமும் கொடுத்தது. கிறிஸ் கெயிலின் பெயரை வாசித்தபோது பத்து அணிகளில் ஒன்றும் கை தூக்கவில்லை. பிறகு யாரோ காயமடைந்ததில் பெங்களூர் அவரை மாற்று ஆளாகக் கூப்பிட்டுக்கொண்டது. கையில் புதுப்பணம் வைத்திருந்த இரண்டு அணிகளும் தன்னைத் தாண்டிப் போனதை அவர் மனதில் வைத்திருந்தாரா என்று தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மே 8 அன்று கொச்சியின் பிரசாந்த் பரமேஸ்வரன் பெங்களூரில் ஓர் ஓவர் வீசினார். கெயில் அடித்தது நான்கு சிக்ஸர், மூன்று பவுண்டரி. ஒரு நோ பாலையும் சேர்த்து அந்த ஓவரில் 37 ரன். புனேயின் முறை வர இரண்டு வருஷம் ஆனது. 2013 ஏப்ரல் 23 அன்று 30 பந்தில் சதம், 66 பந்தில் ஆட்டமிழக்காமல் 175. பெங்களூர் 263, புனே 130 ரன்னில் தோற்றது. விரிவாக்கத்தால் லீக்கின் சாதனைப் புத்தகம் விரிந்தது உண்மை.

கொச்சி அப்படியொன்றும் மோசமில்லை. வான்கடேயில் சச்சின் தன் முதல் இருபது ஓவர் சதத்தை அடித்த நாளில், 183 ரன் இலக்கை இரண்டே விக்கெட் இழந்து எட்டி மும்பையை வீழ்த்தியது. சொந்த ஊரில் டெக்கானுக்கு எதிராக 130 தேவைப்பட்டபோதோ, இஷாந்த் சர்மா 12 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, 11 ரன்னில் ஆறு பேரை இழந்து 74-ல் சுருண்டது. 14-ல் 6 வெற்றி, எட்டாவது இடம். கடைசி இரண்டு ‘சொந்த மண்’ ஆட்டங்களை, மண்ணிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தூரில் ஆடியது.

புனேயிடம் ஒரு சீர்மை இருந்தது. 2011-ல் 4 வெற்றி, 2012-ல் 4 வெற்றி, 2013-ல் 4 வெற்றி. கேப்டன்கள் யுவராஜ், கங்குலி, மேத்யூஸ் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்கு மட்டும் மாறவில்லை. ஏலத்தில் யாரும் வாங்காத கங்குலியை முதலில் மாற்று ஆளாகக் கூட்டிவந்து, மறு ஆண்டு கேப்டனாக்கினார்கள். மொத்தம் 46 ஆட்டத்தில் 12 வெற்றி. 1,702 கோடியை 12-ஆல் வகுத்துப் பார்க்கிறவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்கவும்.

நீக்கப் படலம்

2011 செப்டம்பர் 19. சீனிவாசன் வாரியத் தலைவரான கையோடு வந்த அறிவிப்பு: சுமார் 156 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் தராததால் கொச்சி நீக்கம். மைதானம் சரியாகக் கிடைக்கவில்லை, பங்கு மாற்றத்துக்கு ஒப்புதல் தாமதம், ஆட்டங்களைக் குறைத்தீர்கள் என்று கொச்சி அடுக்கியது. வாரியம் கேட்கவில்லை. ஒரே கோடையில் யானை காட்டுக்குள் போய்விட்டது. அதன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தில் 35 சதவீதம் இன்னும் வரவில்லை என்று பத்து வருஷம் கழித்து, 2021-ல், அவர்களில் ஒருவரான பிராட் ஹாட்ஜ் பொதுவெளியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

2012 பிப்ரவரியில், வீரர்கள் ஏலம் நடக்க வேண்டிய காலையில், சஹாரா ஐபிஎல்லிலிருந்து விலகுவதாக அறிவித்தது. யுவராஜ் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். அவருக்கு ஒதுக்கிய தொகையை ஏலத்தில் செலவழிக்க விடவில்லை என்பதும் அதன் மனக்குறைகளில் ஒன்று. இரண்டு வாரத்துக்குள் சமாதானமாகித் திரும்பி வந்தது. இதற்கிடையே முதலீட்டாளர்களிடம் திரட்டிய சுமார் 24,000 கோடியைத் திருப்பித் தரும்படி அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சஹாராவுக்கு உத்தரவிட்டது. 2013 மே மாதம், பாக்கிக் கட்டணத்துக்காக சஹாராவின் உத்தரவாதத்தை வாரியம் பணமாக்கிக்கொள்ள, சஹாரா இரண்டாம் முறை விலகியது. அக்டோபரில் வாரியமும் தன் பங்குக்கு நீக்கியது. விலகியவரை நீக்குவது முறையா என்று யாரும் கேட்கவில்லை.

டெக்கான் சார்ஜர்ஸ் 2012-லேயே இதே வழியில் போய்ச் சேர்ந்து, ஹைதராபாத் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய்க்கு சன் டிவியிடம் வந்திருந்தது. ஆக 2014-ல் அணிகள் எட்டு. நான்கு வருஷ விரிவாக்கத்தின் நிகர விளைவு பூஜ்யம்.

மைனஸ் படலம்

2015-ல் சூதாட்ட விவகாரத்தில் சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு ஆண்டு தடைபெற, மாற்றாக இரண்டு தற்காலிக அணிகள் வேண்டியிருந்தன. பழைய அனுபவத்தால் வாரியம் ஏலத்தைத் தலைகீழாக்கியது: லீக்கின் வருமானத்திலிருந்து 40 கோடிக்கு மேல் கேட்கக் கூடாது, குறைவாகக் கேட்பவருக்கு அணி. சஞ்சீவ் கோயங்கா மைனஸ் 16 கோடி என்று கேட்டு புனேயை எடுத்தார். இன்டெக்ஸ் மைனஸ் 10 கோடிக்கு ராஜ்கோட்டை எடுத்தது. வருமானமும் வேண்டாம், கைக்காசும் தருகிறோம் என்று பொருள். அந்தப் புனே 2017-ல் இறுதி ஆட்டம்வரை போய் ஒரே ஒரு ரன்னில் தோற்றுக் கலைந்தது. மூன்று ஆண்டில் 12 முறை ஜெயித்த புனேக்கு 1,702 கோடி. இறுதிப் போட்டிக்குப் போன புனேக்கு மைனஸ் 16. ராஜஸ்தான் முதல் ஆண்டே நடத்திய பாடம் மறுபடியும் நடந்தது.

2021 அக்டோபரில் லீக் மீண்டும் பத்தானது. லக்னோவுக்கு அதே கோயங்கா குழுமம் 7,090 கோடி, அகமதாபாத்துக்கு சிவிசி 5,625 கோடி. இந்த முறை பத்து பத்தாகவே நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் தொலைக்காட்சிப் பணம் பெருகியது. வாரியத்துக்கு ஞானமும் பெருகியதா என்பதற்குக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

பலன்

அந்தக் கணக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. நீக்கப்பட்ட அணிகள் எல்லாமே ஜெயித்தன என்று சொல்ல முடியாது. டெக்கானுக்கு 2020-ல் மத்தியஸ்தர் சுமார் 4,800 கோடி கொடுக்கச் சொன்னார். மறு ஆண்டே மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கொச்சியின் கதை வேறு. முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி மத்தியஸ்தராக இருந்து 2015-ல் தீர்ப்புச் சொன்னார்: நீக்கியது தவறு, லாப இழப்புக்குக் கொச்சி நிறுவனத்துக்கு 384 கோடி சொச்சம், வாரியம் பணமாக்கிக்கொண்ட உத்தரவாதத்துக்காக ரான்டெவூவுக்கு 153 கோடி சொச்சம். வாரியம் எதிர்த்து வழக்குப் போட்டது. 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது; மேல்முறையீட்டுக்கு ஆறு வாரம் அவகாசமும் தந்தது.

யாரிடம் விற்கிறோம் என்று விற்ற பிறகு பார்த்தார்கள். எத்தனை ஆட்டம் நடத்த முடியும் என்று விலை வாங்கிய பிறகு எண்ணினார்கள். நீக்கலாமா என்று நீக்கிய பிறகு நீதிமன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 156 கோடி ரூபாய்க்கு ஒரு காகிதம் வரவில்லை என்று அணியைத் துரத்திய வாரியத்துக்கு, பதினான்கு வருஷம் கழித்து வந்திருக்கும் பில் 538 கோடி.